பதினாறு தகடு, பதினாறு பொட்டு

கல்யாணத்துக்குப் போனால் மற்றவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பார்கள். நான் கூரையைப் பார்ப்பேன். மண்டபத்தின் இரும்புச் சட்டத்தில் குறுக்கே போகிற கம்பி எந்தத் தூணில் போய் முடிகிறது, முடிகிற இடத்தில் எத்தனை போல்ட் இருக்கிறது என்று கழுத்து வலிக்க எண்ணிக்கொண்டிருப்பேன். என் சொந்தத் தங்கையின் கல்யாண அல்பத்தில் ஐந்து படங்களில் நான் வாயைப் பிளந்தபடி அண்ணாந்து நிற்கிறேன். "பாவம், தனக்கும் ஒரு வழி காட்டச் சொல்லி மனசுக்குள்ள கும்பிடுறா" என்று ஒரு சித்தி பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாராம். நான் எண்ணிக்கொண்டிருந்தது போல்ட். ஒன்று குறைந்தது.

மாத்தளை டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். நான் கட்டமைப்புப் பொறியியலாளர். ஊரில் இதைச் சொன்னால் "அப்ப வீட்டு பிளான் கீறுவீங்களா?" என்பார்கள். வீட்டு பிளான் கீறுவதில்லை. களஞ்சியம், மண்டபம், ஆலைக் கூடம் என்று இரும்புச் சட்டத்தில் எழும்புகிற கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பதுதான் என் வேலை. அதிலும் எனக்குப் பிடித்த பகுதி பிரேசிங் வந்து பொருந்துகிற இடம். மற்றப் பெண்களுக்கு நகை எப்படியோ, எனக்கு அது அப்படி.

பிரேசிங் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நான்கு கம்புகளை மூலைகளில் ஆணியடித்து ஒரு சட்டமாக்கித் தள்ளிப் பாருங்கள், சாயும். மூலைக்கு மூலை ஒரு கம்பை வைத்துவிட்டுத் தள்ளுங்கள், அசையாது. பலகைக் கதவின் பின்பக்கம் சாய்வாக ஒரு சட்டம் அடித்திருப்பார்களே, அதே சங்கதி. காற்றடிக்கும்போது கட்டடம் சாயாமல் நிற்பது அந்தச் சாய்வுக் கம்பியால். அந்தக் கம்பியைத் தூணோடு பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன இரும்புத் தகடு. தகட்டைத் தூணில் வெல்ட் பண்ணுவோம், கம்பியைத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்குவோம். ஒரு பக்கச் சுவர் வாங்குகிற காற்று முழுவதும் நோட்டுக் கொப்பி மட்டை அளவு இரும்பு ஒன்றில் வந்து இறங்கும்.

இதில் ஒரு ஒழுங்கு உண்டு. தூணின் நடுக்கோடும் உத்தரத்தின் நடுக்கோடும் சாய்வுக் கம்பியின் நடுக்கோடும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். தள்ளிப்போனால் தூண் வீணாக முறுக்கப்படும். இருபது வருடமாக இந்தக் கோடுகளோடு குடித்தனம் நடத்தியதில் எனக்கு நேர்கோட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது. சுவரில் கலண்டர் சாய்ந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் வீட்டுக் கலண்டரையும் திருத்திவிட்டுத்தான் உட்காருவேன். இந்தப் பைத்தியம்தான் ஒரு நாள் என் காலை வாரியது.

பல்லேபொலயில் ஒரு ஹாஜியார். மிளகு, கராம்பு வியாபாரம். பழைய களஞ்சியத்தின் தகரம் உக்கிப்போனதால் மூட்டைகளைத் தறப்பாளுக்குக் கீழே அடுக்கி வைத்துவிட்டு, புது இரும்புக் களஞ்சியம் ஒன்றுக்காக என்னிடம் வந்தார். நல்ல மனிதர். ஆனால் ரோட்டுப் பக்கச் சுவர் முழுவதும் லொறி வாசல் வேண்டும் என்று நின்றார்.

"இந்தச் சாய்வுக் கம்பிய எடுத்தா என்ன மகள்? லொறிக்கு இடைஞ்சல் தானே."

"எடுக்கலாம் ஹாஜியார். பெறகு காத்தடிச்சா கட்டடமும் லொறியோட சேந்து ரோட்டுக்கு வந்திரும்."

மூன்று சந்திப்புப் பேசி, ரோட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு பிரேசிங்குக்கு இடம் வாங்கினேன். பின் சுவரில் இரண்டு, பக்கச் சுவரில் ஒன்று. ஆக நான்கு பிரேசிங், ஒவ்வொன்றும் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கம்பி, அதற்கு நான்கு மூலைகள், மொத்தம் பதினாறு தகடு. பின் சுவரில் உள்ள இரண்டும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும், பக்கச் சுவரில் தூண்களும் உத்தரங்களும்கூடத் தோள் கொடுக்கும். ரோட்டுப் பக்கம் நிற்கிற ஒன்று மட்டும் தனியாளாகத் தாங்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் தகட்டில் அதற்குக் கணக்குப் பார்த்தேன். நூறு தாங்குகிற தகட்டுக்குத் தொண்ணூற்றைந்து வந்தது. இரும்பை வீணாக்காமல் இப்படி இறுக்கிப் பிடிப்பதில் எனக்கு ஒரு பெருமை.

இரும்பு வேலை டவுன் எல்லையில் இருக்கிற ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனது. பட்டறைக்காரருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். நான் அவரை அண்ணே என்பேன். அவர் சந்தோஷமாக இருந்தால் என்னைத் தங்கச்சி என்பார், கோபம் வந்தால் மிஸ் என்பார். வேறு எந்த அடையாளமும் அவர் முகத்தில் தெரியாது. எதையும் கொஞ்சம் கூடுதலாகவே செய்வது அவர் சுபாவம். ஆறு மில்லிமீட்டர் வெல்ட் கேட்டால் பத்து வைப்பார். ஏன் என்றால், "இருந்துட்டுப் போகட்டும் தங்கச்சி, சோறா கேக்கப் போவுது" என்பார்.

முதலில் ரோட்டுப் பக்கத்துக்கான நான்கு தகடுகளை வெட்டித் துளைத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தேன். நான்கும் காவி நிற பெயின்ட் பூசி, துவைத்த துணி மாதிரி உத்தரத்தில் கம்பி கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் நான் வரையாத ஒரு துளை.

"இது என்னண்ணே ஓட்டை?"

"தொங்கவிடத்தான். கீழ படுக்கப் போட்டு பெயின்ட் அடிச்சா மறுபக்கம் ஒட்டிக்குதுல்ல."

"பிளான்ல இருக்கா?"

"பிளான்ல பெயின்ட் எப்படிக் காயணும்னு நீங்க போடலியே தங்கச்சி."

வேலையாட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. நான்கு தகட்டையும் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"அது ஒதுக்குப்புற மூலைல தானே இருக்கு. கம்பி இழுக்கிற பக்கமே இல்ல. ஒருக்கா கணக்குப் போட்டுப் பாருங்களேன்."

"கணக்கெல்லாம் தேவையில்லண்ணே. பிளான்ல இல்லாத ஓட்டை என் கட்டடத்துல இருக்காது."

அவர் எட்டி முதல் தகட்டின் கம்பியை அவிழ்த்தார். "சரிங்க மிஸ்" என்றார்.

அதோடு விட்டேனா? பட்டறையில் துளை போடுகிறவர் யட்டவத்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் அவர் நானா. கண்ணாலேயே அரை மில்லிமீட்டர் சொல்லக்கூடிய மனிதர். அவரையும் கூப்பிட்டு வைத்து ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் ஒவ்வொரு தகட்டிலும் நானே வந்து சிவப்புப் பெயின்ட் பேனாவால் புள்ளி வைப்பேன். புள்ளி இருந்தால் துளை, இல்லாவிட்டால் இல்லை. பிளானுக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் இருந்தால்கூட புள்ளிதான் கடைசிப் பேச்சு, ஏனென்றால் பிளானை நான் கடைசி நேரத்தில் மாற்றுவேன். நானா பணிவாகத் தலையாட்டினார்.

அடுத்த முறை போனபோது, ஒதுக்கிய நான்கு தகடுகளுக்கும் வேலை கிடைத்திருந்தது. ஒன்று கதவுக்கு முட்டு. ஒன்று தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடி. ஒன்றின் மேல் தேத்தண்ணிக் கேத்தல் உட்கார்ந்திருந்தது. நான்காவதை நான் ஆட்சேபித்த அதே துளையில் ஆணி கோர்த்து, துளை போடும் இயந்திரத்துக்கு நேரே சுவரில் மாட்டியிருந்தார்கள். அதில் வெள்ளைப் பெயின்ட்டில், பட்டறைக்காரரின் கையெழுத்தில் என் சட்டம்: "சிவப்புப் புள்ளி உள்ள இடத்தில் மட்டும் துளை. உத்தரவு, மிஸ்." கிண்டல் என்று தெரிந்தது. ஆனாலும் எழுத்து நேராக இருந்ததால் எனக்குப் பிடித்துப்போனது.

பத்து மில்லிமீட்டர் இரும்பு தீர்ந்துபோயிருந்தது. கையில் இருந்த பன்னிரண்டு மில்லிமீட்டர் இரும்பில் பதினாறு தகட்டையும் வெட்டட்டுமா என்று கேட்டார். தடிப்பென்றால் அவருக்குக் கொண்டாட்டம் என்று எனக்குத் தெரியும். "வெட்டுங்க, உங்க ஆச தீரட்டும்" என்றேன். பதினாறும் வெட்டித் தரையில் வரிசையாகக் கிடந்தன. நான் போய் ஒவ்வொன்றிலும் கம்பியின் நடுக்கோட்டைச் சோக்குக் கட்டியால் இழுத்து, அதன் மேல் எழுபது மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் வைத்தேன். இரண்டு போல்ட்டுக்கு இரண்டு துளை.

அன்றைக்கு ஆயுத பூசை. பகல் வேலையை நிறுத்திவிட்டுப் பட்டறையைக் கழுவி, வாசலில் வாழைக் கன்று கட்டினார்கள். வெல்டிங் இயந்திரம், துளை போடும் இயந்திரம், சுத்தியல், குறடு எல்லாம் வரிசையில் சந்தனம் குங்குமம் வாங்கின. நானாவுக்கு அன்றும் மறுநாளும் லீவு என்பதால் அவர் ஊருக்குப் போய்விட்டார். நான் கடலையும் அவலும் கிடைக்கும் என்று நின்றேன். மறைக்க என்ன இருக்கிறது.

பட்டறைக்காரரின் மனைவி குங்குமத் தட்டை என்னிடம் நீட்டினார்.

"தகடுகளுக்கு நீங்களே வைங்க. உங்க கையால வரைஞ்சதுதானே."

எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. குனிந்து முதல் தகட்டில் சந்தனத்தைத் தொட்டு வைத்தேன். அதன் மேல் குங்குமம். நிமிர்ந்து பார்த்தால், பொட்டு கோட்டை விட்டு இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தது. மனசு கேட்கவில்லை. துடைத்துவிட்டு, சரியாகக் கோட்டின் மேல், இரண்டு புள்ளிகளுக்கும் நட்ட நடுவில் வைத்தேன். அந்தப் பக்கம் முப்பத்தைந்து, இந்தப் பக்கம் முப்பத்தைந்து. கைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பதினாறுக்கும் அப்படியே வைத்தேன். கற்பூரத் தட்டோடு அந்த அம்மா காத்து நின்றார்.

"மிஸ், சாமி எவ்வளவு நேரந்தான் நிக்கும்" என்றார் பட்டறைக்காரர்.

"முடிஞ்சிருச்சிண்ணே, கடைசி ரெண்டு."

முடித்துவிட்டு எழுந்து பார்த்தபோது அத்தனை அழகாக இருந்தது. பதினாறு தகடு, ஒவ்வொன்றிலும் ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில், மூன்று சிவப்பு. படம்கூட எடுத்தேன். இப்போதும் கைபேசியில் இருக்கிறது, அழிக்கத்தான் மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் பகல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் தகடுகள் பல்லேபொலக்குப் போக வேண்டும், அதற்கு அடுத்த நாள் தம்புள்ளையிலிருந்து கிரேன் வரும். அந்தக் கிரேனை விட்டால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஹாஜியாரின் மூட்டைகள் இன்னும் தறப்பாளுக்குக் கீழேதான். நான் பட்டறைக்குப் போனது சும்மா ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட.

அடுக்கின் மேல் தகட்டில் மூன்று துளைகள் இருந்தன. அடுத்ததைப் புரட்டினேன், மூன்று. அதற்கடுத்ததிலும் மூன்று.

"யார் இதப் போட்டது?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பட்டறை அப்படியே நின்றது. "பிளான்ல ரெண்டு. நான் வச்சது ரெண்டு. மூணாவது ஓட்டை எங்கருந்து வந்துச்சி? பதினாறு தகடும் போச்சி. ஒரு சட்டம் போட்டா அதக்கூடவா..."

நானா இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"பிளான்ல ரெண்டுதான் மிஸ், நானும் பாத்தேன். தகட்டுல மூணு செவப்பு இரிந்திச்சி. நீங்கதானே சென்னீங்க, பிளான விடப் புள்ளிதான் கடைசிப் பேச்சுண்டு." சுவரில் தொங்கிய என் சட்டத்தைப் பார்வையால் காட்டினார்.

"அது பொட்டு நானா. பூசைப் பொட்டு."

"மெஷின்ல வெச்சது பூசைப் பொட்டுண்டு எனக்குத் தெரியும். வருசா வருசம் பாக்கிறதுதானே. அதுகள்ல நான் கை வைக்கல்ல." ஒரு தகட்டை எடுத்து நடுத்துளையைக் காட்டினார். "இது கோட்டுக்கு மேலயே இரிந்திச்சி. அளந்து பாத்தேன், முப்பத்தஞ்சு முப்பத்தஞ்சு. பூசைப் பொட்டு இவ்வளவு நேரா இரிக்காதுண்டு நெனச்சேன் மிஸ்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. நான் கத்திய கத்தலுக்கு, முதலில் நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ், வேலண்டா இதெல்லாம் வரும்" என்றார். அவர் அப்படி உடனே விட்டுக்கொடுத்தது இன்னும் கொஞ்சம் சுட்டது.

இப்போது என் முன்னால் இருந்தது ஒரே கேள்வி. பிளானில் இல்லாத ஓட்டை என் கட்டடத்தில் இருக்காது என்று இதே தரையில் நின்று சொன்னவள் நான். அந்தச் சொல்லின்படி பதினாறும் கழிவு. அப்படியென்றால் கிரேன் போய்விடும், ஹாஜியாரின் மிளகு நனையும், என் பொட்டுக்காக. தகடுகளை ஏற்றுக்கொண்டால், அடுத்தவருடைய ஓட்டைக்கு ஒரு நியாயம், என்னுடைய ஓட்டைக்கு ஒரு நியாயம். பட்டறைக்காரர் கைகட்டி நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை அவர் முன்பே கேட்டுவிட்டாரே.

கேத்தல் வைத்திருந்த மேசையின் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று, அவர் அன்றைக்குச் சொன்ன அதே யோசனையை, என்னுடைய யோசனை மாதிரிச் சொன்னேன்.

தபால் முத்திரைத் தாளை ஏன் கத்தரிக்கோல் இல்லாமல் கிழிக்க முடிகிறது? துளைகள் ஒரே வரிசையில் நெருக்கமாக இருப்பதால். இரும்பும் அப்படித்தான். கம்பி இழுக்கும்போது போல்ட் வரிசையோடு தகடு கிழியப் பார்க்கும். இரண்டு துளைகளுக்கு நடுவில் இருக்கிற முழு இரும்புதான் அதைத் தடுக்கும். நான் தேடிப் பிடித்து, ஸ்கேல் வைத்து அளந்து, அந்த இரும்பின் சரியான நடுவில் துளைக்கு வழி செய்திருந்தேன். பொட்டைக் கோணலாக எங்கேயாவது ஓரத்தில் வைத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

பின் சுவர், பக்கச் சுவர் இரண்டுக்கும் போகிற பன்னிரண்டு தகடுகளும் தேறின. பாரம் அங்கே பங்கு போவதால் தாராளமாகவே தேறின. மூச்சு விட்டேன். பிறகு ரோட்டுப் பக்கத்துத் தனியாளுக்கு எண்ணைக் கொடுத்தேன்.

நூற்றொன்று.

நூற்றொன்று என்பது மொய் வைப்பதற்கு நல்ல எண். பிரேசிங்குக்கு ஆகாது. நூறு தாங்குகிற தகட்டில் நூற்றொன்று ஏற்றக் கூடாது. இதுவே பத்து மில்லிமீட்டராக இருந்திருந்தால் நூற்றிருபதைத் தாண்டியிருக்கும். நான் கிண்டல் பண்ணிய தடிப்புத்தான் இவ்வளவாவது இறக்கிவிட்டிருந்தது. அந்த மேசையில் உட்கார்ந்து, ஒரே ஒரு நூற்றுக்கூறு என்று எனக்கு நானே எத்தனை சமாதானம் சொன்னேன் தெரியுமா? இரும்பு எப்போதும் எழுதியதை விடக் கொஞ்சம் பலமாகத்தான் வரும். பல்லேபொலயில் அப்படி என்ன புயல் அடித்துவிடப் போகிறது? காற்றின் வேகத்தை ஒரு துளி குறைத்து எழுதினால் தொண்ணூற்றொன்பது. யாருக்கும் தெரியாது. விரல் அந்தக் கட்டத்துக்கே போய்விட்டது.

"என்ன சொல்லுது மிஸ்?" என்றார் பட்டறைக்காரர்.

"பன்னெண்டு தேறுது. நாலு தேறல."

"எவ்வளவு கொறயுது?"

"நூத்துக்கு ஒண்ணு."

அடைத்துவிடலாமா என்று நானா கேட்டார். துளையை வெல்ட் வைத்து அடைத்துத் தேய்த்தால் வெளியில் மொழுமொழுவென்று இருக்கும், உள்ளே வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வேண்டாம் என்றேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் இரும்பும் தீர்ந்துவிட்டது. கொழும்பிலிருந்து வர நாலைந்து நாள் ஆகும். வெளியே மழை பெய்யத் தொடங்கியது, தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் எனக்கு ஹாஜியாரின் தறப்பாள்தான் ஞாபகம் வந்தது.

பட்டறைக்காரர் நடந்து வந்து, என் கணினிக்குப் பக்கத்தில் இருந்த கேத்தலைத் தூக்கித் தரையில் வைத்தார். அதன் கீழே இருந்த தகட்டை எடுத்துச் சட்டையில் துடைத்து என் முன்னால் வைத்தார். வட்டமாகக் கேத்தல் தழும்பு. மூலையில் தொங்கவிடுகிற துளை. நடுவில் சரியான இரண்டு துளைகள்.

"இதுவும் ரோட்டுப் பக்கத்துக்கு வெட்டினதுதான். இதையும் ஒருக்கா போட்டுப் பாருங்களேன்."

அப்போது அவர் என்னை மிஸ் என்றும் சொல்லவில்லை, தங்கச்சி என்றும் சொல்லவில்லை.

பத்து மில்லிமீட்டர் என்று மாற்றினேன். நடுத்துளையை எடுத்தேன். மூலைத் துளையின் இடத்தை அளந்து கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தொண்ணூற்றைந்து. துளை இல்லாமல் முதன்முதலில் நான் போட்ட அதே தொண்ணூற்றைந்து. கிழிகிற வழியில் அந்த மூலை இல்லவே இல்லை. அவர் கண்ணால் சொன்னதைக் கணினி எண்ணால் சொன்னது.

அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நான் அன்றைக்கு அவருக்குக் கொடுக்க மறுத்தேன். வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள் என்பதற்காக. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

"நான் பிழை விட்டுட்டேண்ணே. இந்த நாலும் அன்னைக்கே நல்ல தகடுதான். பாக்காமலே ஒதுக்கிட்டேன்."

"தெரியும் தங்கச்சி" என்றார். திரும்பி, "அந்தக் கதவு முட்ட எடுங்கப்பா" என்று உள்ளே சத்தம் கொடுத்தார்.

கதவு முட்டு வந்தது. பீப்பாய் மூடி வந்தது. கடைசியில் சுவரில் தொங்கிய என் சட்டத்தை நானாவே ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தார். எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே பெயின்ட் பூசினார்கள். பூசியதைக் காயவைக்க, நான்கையும் அதே மூலைத் துளைகளில் கம்பி கோர்த்துத் தொங்கவிட்டார்கள். நானே பிடித்துக் கொடுத்தேன்.

கிரேன் சொன்ன நாளில் வந்தது. களஞ்சியம் எழும்பியது. ஹாஜியாரின் மூட்டைகள் கூரைக்குக் கீழே போயின. மிச்சப் பன்னிரண்டு தகடுகளிலும் நடுத்துளை சும்மா ஆவென்று திறந்திருப்பது பார்க்க நன்றாக இல்லை என்று பட்டறைக்காரர் அதிலும் ஒரு போல்ட்டைப் போட்டு இறுக்கிவிட்டார். அந்தப் போல்ட்டுக்கு எந்த வேலையும் இல்லை. ஹாஜியார் சுற்றிப் பார்த்தவர், ரோட்டுப் பக்கத்தில் இரண்டும் மற்றப் பக்கங்களில் மூன்றும் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்னத்துக்கு மகள் இங்க ரெண்டு, அங்க மூணு?"

ஏதாவது பெரிய வார்த்தையாகச் சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. முழுக் கதையையும் சொன்னேன், ஸ்கேல் உட்பட. அவர் மிளகு மூட்டையில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ரோட்டுப் பக்கத் தூணுக்குப் போய், ஒரு தகட்டைக் கிட்ட நின்று உற்றுப் பார்த்தார். பெயின்டுக்கு அடியில் எழுத்தின் தடம் இலேசாக மேடாகத் தெரிந்தது. "உத்தரவு" என்ற சொல்லை மட்டும் வாசிக்க முடிந்தது. "நல்ல உத்தரவு" என்றார்.

முடித்த கட்டடத்துக்குக் கடைசியாக ஒரு பிளான் வரைந்து கொடுக்க வேண்டும், கட்டியது கட்டியபடி. அதில் பன்னிரண்டு துளைகளையும் வரைந்தேன். பக்கத்தில் காரணமும் எழுதினேன்: வரைந்தவரின் பிழை, கணக்குப் பார்க்கப்பட்டது, போதுமானது. என் கையெழுத்துக்கு மேலே அப்படி ஒரு வரி இருப்பது முதலில் பல்லில் அகப்பட்ட கல் மாதிரி இருந்தது. இப்போது அந்தப் பிளானைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன்.

தேறாமல் போன என் நான்கு தகடுகளும் பட்டறையிலேயே தங்கின. ஒன்று கதவுக்கு முட்டு. ஒன்று பீப்பாய்க்கு மூடி, நடுத்துளை வழியாக உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கலாம் என்பதால் முந்தியதை விட வசதி. ஒன்றின் மேல் கேத்தல். எனக்குப் பிளேன்டீ ஊற்றும் ஒவ்வொரு முறையும் கேத்தல் தூக்கப்படும், மூன்று துளைகளும் என்னைப் பார்க்கும். நான்காவது சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் யாரும் எதுவும் எழுதவில்லை.

அடுத்த வருட ஆயுத பூசைக்கும் போனேன். இந்த முறை தரையில் வேறொரு வேலையின் தகடுகள், என் சோக்குக் கோடுகளோடும் சிவப்புப் புள்ளிகளோடும் கிடந்தன. பட்டறைக்காரரின் மனைவி தட்டை நீட்டியதும் நான் பின்வாங்கினேன். அவர் விடவில்லை. ஊருக்குப் போக பஸ்ஸுக்குக் கிளம்பிய நானா வாசலில் நின்றுவிட்டார். விரலில் குங்குமத்தை எடுத்துக் குனிந்தேன்.

"தங்கச்சி" என்றார் பட்டறைக்காரர், "கொஞ்சம் கோணலா வைங்க."

கோட்டை விட்டுத் தள்ளி, மூலையில், அவர் பெயின்ட் காயத் தொங்கவிடுகிற துளை வருகிற இடத்தில் வைத்தேன். கோணலாக. கை இரண்டு தரம் தானாகக் கோட்டுக்குப் போனது, இழுத்துக்கொண்டேன்.